பாறையிடம் சிரித்துக் காட்டிய குருவி

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. குருவி பேசும், நண்டு பேசும், அவை பேசுவதைக் கேட்டுக் கல்லும் பதில் சொல்லும். அப்போது ஒரு குருவி ஒரு பாறையை ஏமாற்றிய கதை இது. கதையில் ஒரு சிரிப்பு வரும், உறுதியாக வரும். ஆனால் அது வர வேண்டிய இடத்தில்தான் வரும். அதற்கு முன்னால் சிரித்துவிடுகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

இன்றைக்குக் காவிரி போய்க் கடலில் விழுகிற இடத்தில், அன்றைக்குக் காவிரியும் இல்லை, கடலும் இல்லை. மேடு பள்ளம் தெரியாத ஒரே தரை. அந்தத் தரைக்கு அடியில் இரண்டு பெரும் பாறைகள் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தன. மேற்குப் பக்கம் படுத்திருந்தவன் அண்ணன், பெயர் மேற்கன். கிழக்குப் பக்கம் தங்கை கிழக்கி. முதுகு ஒட்டியே பிறந்தவர்கள் ஆதலால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. அவர்களுக்குக் குரல்தான் முகம்.

பாறையும் பாறையும் பேசினால் மெதுவாகத்தான் பேசும். "வெயில் சுடுதா?" என்று கேட்டு முடிப்பதற்குள் இரண்டு மழைக்காலம் வந்து போய்விடும். அவ்வளவு பாடுபட்டுச் சொன்னதை, "என்ன சொன்னே, ஏன் அப்படிச் சொன்னே?" என்று திருப்பிக் கேட்பது பாறைகளின் வழக்கத்தில் இல்லை. கேட்டால் அது பெரிய அவமரியாதை. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றவர் அதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வழக்கத்தை மறந்துவிடாதீர்கள். நடந்த வினையெல்லாம் இதனால்தான்.

கிழக்கிக்கு ஒரு சிரிப்பு உண்டு. முதலில் விக்கல் மாதிரி ஒன்று. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு அடிவயிற்றிலிருந்து கடகடவென்று கிளம்பும். அவள் சிரித்தால் அண்ணன் முதுகு குலுங்கும். அவன் மேல் நின்ற மரங்கள் ஆடும், மரத்திலிருந்த பூச்சியெல்லாம் கலைந்து பறக்கும். அதற்காகவே அங்கே ஒருவன் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பான்.

அவன்தான் நம் குருவி. உடம்பெல்லாம் வெள்ளை, வால் ஒற்றை வால், பெயர் வெள்ளையன். அவனுக்கென்று சொந்தக் குரல் ஒன்று இருந்ததா என்று யாருக்கும் தெரியாது, அவன் அதை எடுத்ததே இல்லை. தவளைக் குரலில் "மழை வருது, மழை வருது" என்பான். நாலு குட்டைத் தவளைகளும் குடும்பத்தோடு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உடும்பு மாதிரி ஒரு செருமல் செருமுவான். எலிகள் போட்டது போட்டபடி ஓடும்.

பாறைகள் இரண்டும் ஒட்டிய இடத்தில் ஓர் ஊற்று இருந்தது. அதன் ஓரமாக வளை தோண்டிக் குடியிருந்தாள் நண்டு ஒருத்தி. எல்லாருக்கும் அவள் நண்டக்கா. வெள்ளையன் அவள் குரலையே எடுத்து, அவள் பிள்ளைகளை "வாங்கடா சாப்பிட" என்று கூப்பிடுவான். நாற்பது பிள்ளைகளும் ஓடி வந்து வரிசையாக நிற்கும்.

"டேய் வெள்ளையா, என் வீட்டுல அடுப்பே பத்த வைக்கல. இந்த நாப்பதுக்கும் நீ போடுவியா சோறு?"

"நான் எங்கக்கா கூப்பிட்டேன்? நீங்க கூப்பிட்டீங்க, நான் கேட்டேன். வேணும்னா பிள்ளைங்ககிட்டயே கேளுங்க."

அவள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வருவாள். பாதி வழியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். இந்தச் சிரிப்பைச் சொல்லவில்லை நான். அது இன்னும் வரவில்லை.

ஒரு சமயம் கிழக்கி சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பூச்சி பறக்கவில்லை, வெள்ளையனுக்கு வயிறு காய்ந்தது. யோசித்தான். பாறையைச் சிரிக்க வைக்க எத்தனை காலம் ஆகுமோ தெரியாது. ஆனால் சற்றுப் புரண்டு படுக்க வைத்துவிட்டால்? அப்போதும் மரம் ஆடும், பூச்சி பறக்கும். அண்ணன் குரல் தெரியும், தங்கை குரலும் தெரியும். இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்குமா?

ஊற்றங்கரையில் உட்கார்ந்தான். மேற்கன் குரலை எடுத்தான்.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளிப் படேன். உன் பாரம் தாங்கல."

இதைப் பாறை வேகத்தில் சொல்ல வேண்டும் அல்லவா? லேசான வேலை இல்லை. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தை மாதம் முழுக்க உட்கார்ந்திருந்தான். சொல்லி முடித்தபோது அவன் மேல் பாசி படர்ந்திருந்தது.

கிழக்கி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லையே. ஒரு நக அளவு தள்ளிப் படுத்தாள். மரம் ஆடியது, பூச்சி பறந்தது. வெள்ளையன் வயிறு முட்டத் தின்றான்.

தின்றதோடு விட்டிருக்கலாம். கையில் இன்னொரு குரல் சும்மா கிடந்ததே. அதையும் எடுத்தான்.

"அண்ணே, மூச்சு முட்டுது. அந்தப் பக்கம் தள்ளிக்கோயேன்."

மேற்கன் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. பிறகு, "சரி தாயி" என்றான். அத்தனை பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து வெள்ளையன் கேட்டதில்லை. பூச்சி வாயில் இருந்தது. விழுங்கச் சற்று நேரமாயிற்று.

பாறை ஒரு தடவை தள்ளிப் படுத்தால் நிற்காது. அண்ணனுக்கு இன்னும் பாரமோ என்று இவள் தள்ளுவாள், தங்கைக்கு இன்னும் முட்டுகிறதோ என்று அவன் தள்ளுவான். நகம் வளர்கிற வேகம்தான். நகம் வளர்வதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? வெட்டும்போதுதான் தெரியும்.

பரோட்டாவுக்கு மாவை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் மெலிந்து தொய்யும், பார்த்திருப்பீர்கள். இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த தரை அப்படி மெலிந்தது. மேலே இருந்த கல் மாவு போல இழுபடுமா? விரிசல் விட்டது. முதல் விரிசல் விழுந்தபோது வெள்ளையன் அதன்மேல் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தரை இரண்டானது, வாலும் இரண்டானது. ஒரு நுனி அண்ணன் பக்கம், ஒரு நுனி தங்கை பக்கம்.

அதற்கப்புறம் பலகை பலகையாகத் தரை இறங்கியது. அலமாரியில் ஓரத்துப் புத்தகத்தை உருவினால் மற்றவை ஒன்றன்மேல் ஒன்று சாயுமே, அந்த மாதிரி சாய்ந்து இறங்கியது. சில பலகைகள் மட்டும் இறங்க மாட்டோம் என்று பாதியில் தோளை உயர்த்தி நின்றுவிட்டன. தோளுக்கும் தோளுக்கும் நடுவே ஆழமான குழிகள். நண்டக்காவின் வளை, ஊற்று, சுற்றியிருந்த சேறு எல்லாம் அதில் போயின.

"டேய்," என்றாள் நண்டக்கா, இறங்குகிற பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. "தரை கீழ போகுது. நீ ஏன் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்குறே?"

அவன் சொன்னான். முழுக்கச் சொன்னான், அண்ணன் குரல் தங்கை குரல் எல்லாம் எடுத்து நடித்தே காட்டினான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான்.

அவள் சிரிக்கவில்லை. "போய்ச் சொல்லிடு. இன்னிக்கே போ."

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

மறுநாள் போகத்தான் போனான். கிழக்கியின் மேல் இறங்கி உட்கார்ந்ததும், அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"குருவி, உனக்குத்தான் ரெக்கை இருக்கு. எங்கண்ணன்கிட்ட போறியா? நான் என்ன தப்பு பண்ணினேன்னு மட்டும் கேட்டுட்டு வா. நான் கேட்கக் கூடாது. நீ கேட்கலாம்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? "நீ ஒரு தப்பும் பண்ணல, நான்தான்" என்று சொல்ல ஐந்தே சொற்கள். வெள்ளையன், "சரி, கேட்டுட்டு வர்றேன்" என்றான். பறந்தான். அண்ணன் மேல் போய் உட்கார்ந்தான். மேற்கன், "யாரு, குருவியா?" என்றான். "ஆமா, சும்மா வந்தேன்" என்றான் வெள்ளையன். சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான். கிழக்கியிடம் போகவில்லை. கேட்டாயா என்று கேட்டால் என்ன சொல்வது? இன்று போகாததால் நாளைக்கும் போக முடியவில்லை. அவள் காத்திருப்பாள் என்று தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமலே பறக்கப் பழகிக்கொண்டான்.

குழிகளில் முதலில் மழைத் தண்ணீர் நின்றது. பிறகு தெற்கிலிருந்து உப்புத் தண்ணீர் வழி கண்டுபிடித்து உள்ளே வந்தது. அது அகலமாகி, கடலாகி, கிழக்கி அதன் அக்கரையில் மங்கலாகத் தெரிந்தாள். பிறகு தெரியவில்லை. தெற்கே வெகுதூரம் போய், ஆளில்லாத குளிரில் வெள்ளைப் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டாள்.

மேற்கன் ஒரு நாள் கேட்டான். "குருவி, தங்கச்சி சத்தமே இல்லையே. பக்கத்துல இருக்காளா?"

உண்மையைச் சொன்னால் அவன் நொறுங்கிப் போவான் என்று வெள்ளையன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நொறுங்கிப் போகப் பயந்தவன் இவன்தான். பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தான். கிழக்கி குரலை எடுத்தான்.

"அண்ணே, நான் தூரத்துல இருக்கேன். நல்லா இருக்கேன். ஒரு நாள் வருவேன்."

"கோவம் இல்லையே தாயி?"

"இல்லண்ணே."

மேற்கன் விட்ட பெருமூச்சில் கரை மணல் நகர்ந்தது. தங்கை வருகிறாள் என்றால் அண்ணன் சும்மா இருப்பானா? சீர் செய்ய வேண்டாமா? குளிரில் கிடக்கிறவளுக்கு எண்ணெயைவிட நல்ல சீர் உண்டா?

அவன் எண்ணெய் செய்த விதத்தைக் கேளுங்கள். குழித் தண்ணீரில் பச்சைப் பசேலென்று பாசியும் கண்ணுக்குத் தெரியாத நீச்சல் பூச்சிகளும் கோடி கோடியாகப் பிறந்தன. அவற்றுக்குச் சின்ன ஆயுசு. செத்துச் செத்து அடியில் போய் விழுந்தன. அசையாத தண்ணீர், காற்றுப் புகாத ஆழம், ஆகையால் அழுகவில்லை. கறுப்புச் சேறாகப் படிந்தன. மேற்கன் தன் உடம்பிலிருந்து ஆறுகளை அனுப்பி அதன்மேல் மணலைக் கொட்டினான், மணல்மேல் களிமண்ணைக் கொட்டினான், திரும்பவும் மணல், திரும்பவும் களிமண். மெலிந்த தரை அல்லவா, அடிநெருப்பு பக்கத்திலேயே இருந்தது. தம்மில் வைத்த சோற்றுப் பானை மாதிரி சேறு வெந்தது. தீ குறைந்தால் பச்சையாக நின்றுவிடும். கூடினால் முழுக்க ஆவியாகிப் போய்விடும். அவன் தீயைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். எத்தனை லட்சம் வருடமோ, ஒரு நாள்கூடக் கண்ணயரவில்லை. சேறு எண்ணெயாகக் கசிந்தது.

இத்தனைக்கும் நடுவில் "அண்ணே, வர்றேன், வர்றேன்" என்று அவ்வப்போது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நண்டக்கா வந்தாள். வயசாகியிருந்தாள். அவள் பிள்ளைகள் நாற்பதும் சாய்ந்த பலகைகளின் இடுக்கில், இருட்டுப் பொந்துகளில் மாட்டிக்கொண்டு மேலே ஏற வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"நீங்க கூப்பிட்டா சத்தம் வந்த வழியிலயே வந்துடுவாங்களேக்கா," என்றான் வெள்ளையன்.

"கூப்பிடாம இருப்பேனா? தொண்டை கட்டிப் போச்சு." அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "அம்மா குரல் கேட்டா நீன்னு நினைச்சுக்கிறாங்க. ஒருத்தனும் வரமாட்டேங்குறான்."

வெள்ளையன் அலகால் மண்ணைக் கிளறினான்.

"ஒரு விளக்கு காட்டினா வருவாங்க. மேற்கன் எண்ணெய் வச்சிருக்கார்னு கடல் பூராப் பேச்சு. வா, தோண்டலாம்."

இருக்கிறதிலேயே ஆழமான குழியாகப் பார்த்துத் தோண்டினார்கள். சேறு வெந்த இடம் அதுதானே, எண்ணெயும் அங்கேதானே இருக்கும் என்று கணக்கு. பத்து நாள் தோண்டியும் எண்ணெய் இல்லை. எண்ணெய் இருந்து போன வாசனை மட்டும் இருந்தது. கடைசியாக ஒரு கறுப்புச் சேறு பீறிட்டு வந்து வெள்ளையனைத் தலை முதல் வால் வரை நனைத்தது. தண்ணீரில் முங்கினான், மணலில் புரண்டான். போகவில்லை. வெள்ளையன் கரிச்சான் குருவி ஆனான்.

"அவர்கிட்டயே நேரா கேட்டா என்னக்கா?"

"கேட்டேனே. தங்கச்சிக்கு வச்சிருக்கேன், தங்கச்சி வந்தாத்தான் மூடியைத் திறப்பேன்னுட்டார். நல்ல மனுஷன், மரியாதையாத்தான் சொன்னார்." நண்டக்கா கொடுக்கிலிருந்த சேற்றைத் துடைத்தாள். "நாப்பது பிள்ளைங்கடா."

கரிச்சானுக்கு அன்று தலை நிமிரவில்லை. தான் கெடுத்ததைத் தானே சரி செய்துவிட வேண்டும் என்று தவித்தான். சரி செய்ய அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்.

மேற்கனின் முதுகுப் பக்கமாக, அலை அடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, வந்துட்டேன்."

"யாரு, தாயியா?"

"நான்தாண்ணே. உன் முதுகோட ஒட்டித்தான் படுத்திருக்கேன். குளிருது. எண்ணெய் எங்கே வச்சிருக்கே?"

"இரு, இரு, சொல்றேன்." பாறை வழக்கத்தை மீறி அவசரமாகப் பேசினான். "குழியில தேடாதே தாயி. எல்லாரும் அங்கதான் போய்த் தேடுறாங்க. வெந்தது குழியிலதான், ஆனா அங்க தங்காது. எண்ணெய் லேசு, தண்ணி கனம். மணல் இடுக்குல புகுந்து புகுந்து மேலே ஏறிடும். ஏறிப் போனா வீணாயிடும்னு களிமண்ணால மூடி போட்டு வச்சிருக்கேன். இறங்க மாட்டேன்னு நின்ன பலகைங்க இருக்கு பாரு, அதுங்க தோள்ல, மூடிக்குக் கீழ, மணலுக்குள்ள இருக்கு."

"எத்தனையோ தோள் இருக்கேண்ணே. எந்தத் தோள்?"

"அதையும் சொல்றேன். நீ வந்துட்டே, இனிமே என்ன. தாயி, ஒண்ணு கேட்கலாமா? தப்பா நினைக்காதே. இத்தனை காலம் உப்புத் தண்ணியிலயே கிடந்து முதுகு மரத்துப் போச்சு. நீ ஒட்டிப் படுத்திருக்கிறது எனக்குத் தெரியவே மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை சிரியேன். குலுங்கினா தெரிஞ்சுடும்."

அவன் சோதித்துப் பார்க்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டான்.

கரிச்சான் தண்ணீரைப் பார்த்தான். தூரத்தில் நண்டக்கா ஒரு பொந்தின் வாசலில் குனிந்து எதையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு அவன் சிரித்தான். முதலில் விக்கல் மாதிரி ஒன்று. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு அடிவயிற்றிலிருந்து கடகடவென்று. ஓர் இழை பிசகவில்லை. கிழக்கியே கேட்டாலும் தன் சிரிப்பு என்றுதான் நினைப்பாள். அவன் எடுத்த குரல்களிலேயே அதுதான் சிறந்தது.

நான் சொன்ன சிரிப்பு இதுதான்.

மேற்கன் காத்திருந்தான். முதுகில் ஓர் அலை வந்து மோதிவிட்டுப் போனது. இன்னோர் அலை. அவன் மேல் நின்ற மரங்களில் ஓர் இலை அசையவில்லை, ஒரு பூச்சி பறக்கவில்லை.

"அப்போ," என்றான் மேற்கன், ஒவ்வொரு சொல்லாக, பழைய வேகத்தில், "மூச்சு முட்டுதுன்னு அன்னிக்கு என்கிட்ட சொன்னதும் நீதானா?"

கரிச்சான் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். சொந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று தேடினான். கிழக்கி குரல் வந்தது. அதை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தான். நண்டக்கா குரல் வந்தது. பிறகு தவளை, உடும்பு. கடைசியில் கிழக்கி குரலிலேயே, "அண்ணே" என்றான்.

"அண்ணே," என்றது பாறை, அவன் சொன்ன மாதிரியே.

"அண்ணே, பேசுண்ணே."

"பேசுண்ணே," என்றது பாறை.

அன்று முதல்தான் பாறை யாரோடும் பேசுவதில்லை, நாம் அனுப்புகிற சத்தத்தையே நம்மிடம் திருப்பிக் கொடுக்கிறது. எண்ணெய் எந்த மாதிரி இடத்தில் இருக்கும் என்று உலகத்துக்கே தெரிந்தும், எந்தத் தோள் என்று தெரியாமல், தேடி வருகிறவர்கள் தரையை ஓங்கித் தட்டிவிட்டு, வயல் முழுக்கக் கம்பியை இழுத்துப் போட்டு, திரும்பி வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நண்டு கரையெல்லாம் தோண்டித் தோண்டிப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறது. பக்கத்தில் மேய்கிற மாட்டின் முதுகில், அது எப்போதாவது சிலிர்த்துக் குலுங்காதா என்று, கறுப்பாக, பிளந்த வாலோடு ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது.